கிறிஸ்துமஸ் சாமான்: எதை முன்னதாக வாங்குவது, எதைக் கடைசி நாளுக்கு விடுவது?

நாகர்கோவிலுக்கு மருமகளாக வந்த முதல் டிசம்பர். முந்திரிக்கொத்து செய்யப்போகிறோம் என்று மாமி சொன்னதும், கெட்டிக்காரத்தனமாக நானே கடைக்குப் போய் அரைக்கிலோ முந்திரிப்பருப்பு வாங்கிவந்தேன். மாமி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது எதற்கு மக்களே?" என்று கேட்டார். முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. வறுத்துப் பொடித்த சிறுபயறு, வெல்லம், தேங்காய், எள் இவைதாம். உருண்டைகளை மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விடும்போது கொடிமுந்திரிக் கொத்துபோல ஒட்டிக்கொள்ளும்.

அன்று தேதி 22. சிறுபயறு தெருமுனைக் கடையிலேயே இருந்தது. வாங்கி, வறுத்து, மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். வாசலில் தூக்குவாளியும் சருவமும் எவர்சில்வர் டப்பாவுமாக வரிசை தெருவுக்கு வந்திருந்தது. என் முறை வந்தபோது இருட்டிவிட்டது. எனக்கு முன்னால் யாரோ மிளகாய் திரித்திருந்தார்கள். அந்த வருடம் எங்கள் வீட்டு முந்திரிக்கொத்தில் லேசான காரம் இருந்தது. உறவினர்கள் சுக்கு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்களில் கடையில் சரக்கு தீர்ந்துபோவது அபூர்வம். தீர்ந்துபோவது மில்காரரின் நேரமும் கறிக்கடைக்காரரின் கையும் நம் இடுப்பும்தான். ஆகவே "எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்குங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. சிலவற்றை வேண்டுமென்றே கடைசி நாளுக்கு விட வேண்டும். முதன்முறையாகப் பொறுப்பேற்கிறவர்கள் கீழே உள்ள வரிசையில் போனால் போதும். எங்கள் ஊர் வழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பலகாரம் கல்கலோ அதிரசமோ ஆனாலும் கணக்கு மாறாது.

படி 1: உட்கார்ந்து எழுதுவது (டிசம்பர் 3)

கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கடைசி நாளான டிசம்பர் 3 அன்று குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். பட்டியல் போட இதைவிட நல்ல நாள் கிடையாது.

சாமான் பட்டியலை முதலில் எழுதாதீர்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். என்னென்ன பலகாரம்? எத்தனை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும்? 25ஆம் தேதி காலையிலும் மதியத்திலும் எத்தனை பேர் சாப்பிடுவார்கள்? எங்கள் கணக்கு: முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, ஒரு கேக், 20 வீடு, காலையில் ஆப்பமும் ஆட்டுக்கறி ஸ்டூவும், மதியம் 10 பேருக்குப் பிரியாணி. ஒரு கிலோ சிறுபயறுக்குச் சுமார் 80 உருண்டை வரும். வீட்டுக்கு மூன்று என்று வைத்தால் 60 வெளியே போய்விடும், மிச்சம் நமக்கு. இப்படி எண்ணிக்கையிலிருந்து எடைக்கு வர வேண்டும். "இரண்டு கிலோ இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று வாங்கியதெல்லாம் பிப்ரவரியில் வண்டு பிடித்துக் கிடக்கும்.

பிறகு அடுப்படி டப்பாக்களைத் திறந்து பாருங்கள். ஏலக்காய் இருக்கிறது என்றே எல்லாரும் நினைப்போம். டப்பாவில் தோல்தான் இருக்கும்.

படி 2: பட்டியலைத் தேதி வாரியாகப் பிரிப்பது

ஒவ்வொரு பொருளையும் பார்த்து இரண்டே கேள்விகள். இது 25 வரை கெடாமல் இருக்குமா? இதை வாங்கிய பிறகு ஊறவைப்பது, காயவைப்பது, திரிப்பது என்று வேறு வேலை பாக்கி இருக்கிறதா? கெடாது, வேலை இருக்கிறது என்றால் முதல் வாரம். கெடாது, வேலையும் இல்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அதைப் பற்றிப் பதற்றப்படவே வேண்டாம். கெடும் என்றால் கடைசி இரண்டு நாள். சர்க்கரைக்காக மூன்றாம் தேதியே ஓடுகிறவர்கள் அரிசி திரிப்பதை 23ஆம் தேதிக்குத் தள்ளிவிடுகிறார்கள். எங்கும் நடக்கிற தவறு இதுதான்.

படி 3: முதல் வார வேலை

கேக்குக்கு உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி ஊறவைக்க வேண்டும். ரம்மில் ஊறவைக்கிறவர்களுக்கு அவசரம் இல்லை, வாரக்கணக்கில் கிடக்கலாம். எங்கள் வீட்டில் ஆரஞ்சுச் சாறுதான். அது ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே பழங்களை இப்போது வாங்கி உலர்ந்தபடியே மூடி வையுங்கள். கேக் சுடுவதற்கு முந்தைய நாள் ஊறவைத்தால் போதும்.

கருப்பட்டிப் பாகில் செய்கிறவர்கள் அதையும் இப்போதே வாங்குங்கள். பதனீர் இறக்கும் காலம் கோடை. டிசம்பரில் கடையில் இருப்பது பழைய இருப்பு. மழை ஈரத்தில் இளகத் தொடங்கியிருக்கும். கையில் ஒட்டாத, உடைத்தால் உள்ளே ஒரே நிறமாக இருக்கிற கருப்பட்டியாகப் பார்த்து எடுங்கள். ஈரம் புகாத டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

மறந்துபோகும் ஒன்று: அச்சு முறுக்கு அச்சு. புது அச்சை வாங்கிவந்து அன்றே எண்ணெயில் விட்டால் ஒரு முறுக்கும் கழன்று வராது. கழுவித் துடைத்து, இரண்டு மூன்று நாள் தேங்காய் எண்ணெயில் மூழ்கவைத்துப் பழக்க வேண்டும். பழகிய பிறகும் அச்சை நன்றாகச் சூடான எண்ணெயில் முக்கி எடுத்துத்தான் மாவில் வைக்க வேண்டும், அதுவும் முக்கால் பங்கு மட்டும். மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டால், பூ வடிவ முறுக்கு அதற்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எடுப்பதற்குள் அது முறுக்காக இருக்காது. புது அச்சு வாங்க நேரமில்லை என்றால் பழகிய அச்சை அடுத்த வீட்டில் இரவல் கேளுங்கள். இதில் கௌரவம் பார்க்கக் கூடாது.

படி 4: மில் (10 முதல் 15 வரை)

முதலில் மாதாந்திர மின்தடை எந்த நாள் என்று நாளிதழில் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு ஊறிய அரிசியோடு போய், மாலை வரை கரண்ட் இல்லை என்று திரும்பியவள் சொல்கிறேன்.

சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து, சற்றுக் கொரகொரப்பாகத் திரிக்கச் சொல்ல வேண்டும். நைசாகத் திரித்தால் உருண்டை பல்லில் ஒட்டும். இந்தப் பொடி காற்றுப் புகாமல் இருந்தால் பண்டிகை வரை கெடாது. அச்சு முறுக்குக்குப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, ஈரப்பதம் கொஞ்சம் இருக்கும்போதே திரிக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். ஈரமாவைக் காயவைக்காமல் மூடி வைத்தால் மறுநாளே புளித்த வாடை வந்துவிடும். டிசம்பரில் வெயிலை நம்ப முடியாது. வெயில் இருந்தால் ஒரு பகல் முழுவதும் காயவைத்துச் சலித்து எடுத்து வையுங்கள். மேகமூட்டமாக இருந்தால் அரிசியை ஊறவைக்கவே வேண்டாம். பயறை மட்டும் திரித்துவிட்டு அரிசிக்கு வேறொரு நாள் பாருங்கள்.

மில்லில், உங்களுக்கு முன்னால் என்ன திரித்தார்கள் என்று கேளுங்கள். மிளகாயோ மல்லியோ என்றால், ஒரு கைப்பிடி அரிசியை முதலில் போட்டு ஓட்டித் தனியே எடுத்துவிடச் சொல்லுங்கள். மில்காரர் முகம் சுளிக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த விஷயம்தான்.

படி 5: மழைக்கு ஒரு நாள் ஒதுக்குவது

இதைப் படி என்று எழுதுவது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரியைத் தாக்கியது. வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாத கடற்கரை ஊர்களில் அந்த வருடம் கிறிஸ்துமஸே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. பண்டிகைக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. ரயில்கள் ரத்தாயின, சாலைகள் அறுந்தன.

இதற்காக மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அந்த மூட்டைதான். வாங்கியதைத் தரையில் வைக்காதீர்கள். 20ஆம் தேதிக்குள் அடுப்பு வேலையில் பாதி முடிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

படி 6: 18 முதல் 21 வரை

தேங்காயை நாருள்ள குடுமியோடு வாங்கினால் வாரக்கணக்கில் இருக்கும். எண்ணெயும் இப்போது வாங்கலாம். கேக் சீசனும் குளிரும் சேர்வதால் டிசம்பரில் முட்டை விலை ஏறும் என்பதால், தேவையானதை ஒரே அட்டையாக வாங்கிவிடுவது நல்லது. கழுவி வைக்காதீர்கள். உடைக்கும் முன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் தூக்கி எறியுங்கள்.

வடசேரிச் சந்தையில் மட்டி வாழைக்குலை வாங்குவதும் இந்த நாள்களில்தான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் என்று வியாபாரி பெருமை பேசுவார்; கேட்டுக்கொண்டே காயாக இருக்கிற குலையைப் பாருங்கள். தொங்கவிட்டால் நான்கைந்து நாளில் மேலிருந்து சீப்புச் சீப்பாகப் பழுக்கும். மஞ்சளாக வாங்கினால் 25ஆம் தேதி கறுத்துவிடும்.

அடுப்பில் எது முதலில் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். எங்கள் தெருவில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ஆறேழு வீட்டில் இருப்பார்கள். அச்சு முறுக்கு மாவில் முட்டை சேரும். எனவே புது எண்ணெயில் முதலில் முந்திரிக்கொத்து. மாலை போட்ட வீடுகளுக்கு உரியதைத் தனி டப்பாவில் எடுத்து மூடிய பிறகுதான் முட்டை அட்டையைத் திறப்போம். அந்த வீடுகளுக்கு மற்ற வீடுகளைவிட ஒன்றிரண்டு கூடவே போகும்.

படி 7: கறிக்கு முன்பணம்

கறிக்கடையில் 20ஆம் தேதியே முன்பணம் கொடுத்துப் பெயர் எழுதிவைத்துவிடுங்கள். "இரண்டரைக் கிலோ" என்று மட்டும் சொன்னால் கடைசியில் மிஞ்சியது கிடைக்கும். பிரியாணிக்குத் தொடை ஒன்றரைக் கிலோ, ஸ்டூவுக்கு நெஞ்செலும்பு ஒரு கிலோ என்று பிரித்துச் சொல்லுங்கள். விடியற்கால ஆராதனை முடிந்து ஊரே கறிக்கடைக்கு வரும் நேரத்தில் நாமும் போய் நிற்கக் கூடாது. அதற்கு முன்பே வீட்டில் ஒருவர், பெரும்பாலும் கோயிலுக்குக் கிளம்பத் தாமதமாகிறவர், போய் வாங்கிவிட வேண்டும்.

மீனை மறந்துவிடுங்கள். எங்கள் கடற்கரையில் பெரும்பாலும் கிறிஸ்தவ ஊர்கள். ஆழ்கடலுக்குப் போனவர்களும் பண்டிகைக்குக் கரை திரும்பிவிடுவார்கள். அன்றைக்குச் சந்தையில் இருக்கிற மீன் எப்போது பிடித்தது என்று கேட்காமலிருப்பது நல்லது.

படி 8: வேண்டுமென்றே கடைசிக்கு விடுவது (24)

மல்லித்தழை, புதினா, பச்சைமிளகாய், தயிர், பால். இவற்றை 22ஆம் தேதி வாங்கிவைத்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை, புதினா கறுத்துப்போயிருக்கும். 24 காலையில் சந்தை. மதியம் ஆப்பத்துக்கு அரிசி ஊறவேண்டும், மாலையில் அரைத்து, சிறிது ஈஸ்ட் சேர்த்து, பொங்க இடமுள்ள பாத்திரத்தில் விட்டுவிட்டு ஆராதனைக்குக் கிளம்பலாம்.

23ஆம் தேதிதான் விழித்துக்கொண்டீர்களா?

அப்படியென்றால் முந்திரிக்கொத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் செய்து விற்கிறவர்களிடம் எடைக்கு வாங்கலாம்; வெட்கப்பட வேண்டியதில்லை. கடையில் விற்கிற பச்சரிசி மாவில் அச்சு முறுக்கு செய்யலாம், பழகிய அச்சு மட்டும் இருந்தால் போதும். கேக்குக்குப் பேக்கரி. கையிருப்பு நேரத்தை முழுவதும் கறிக்கும் ஆப்பத்துக்கும் கொடுங்கள். நான்கு பலகாரத்தை ஒரே இரவில் தொட்டு நான்கையும் கருக்கிய ஒரு வருடம் எங்களுக்கு உண்டு.

படி 9: 26ஆம் தேதி ஐந்து நிமிடம்

எது மிஞ்சியது, எது போதவில்லை என்று அன்றே எழுதிவையுங்கள். ஜனவரியில் நினைவிருக்காது. மாமியின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "பயறு சரி. எள் மிச்சம். ஏலக்காய் போதாது. தேங்காய் இரண்டு அழுகல், அடுத்த வருடம் வேறு கடை. அச்சு எதிர்வீட்டில் இருக்கிறது, மறக்காமல் திருப்பி வாங்க வேண்டும்."