முதல் பிசிபி: கிகேடில் வரைவது முதல் ஆர்டர் போடுவது வரை

பிரெட்போர்டில் ஒரு சர்க்யூட்டை ஓட வைக்கத் தெரிந்த யாரும் சொந்தமாக பிசிபி, அதாவது பாகங்களைச் செம்புக் கோடுகளால் இணைக்கும் அச்சிட்ட சர்க்யூட் போர்டு வடிவமைக்கலாம். பழகுவதற்கு 555 டைமர் ஐசி வைத்து எல்இடி மினுக்கி ஒன்று செய்வோம். வரைய உதவும் மென்பொருள் கிகேட். பிரான்சில் ஜான்-பியர் ஷராஸ் 1992-ல் தொடங்கியது, பின்னாளில் செர்ன் ஆய்வகமும் கைகொடுத்து வளர்த்தது. முழுக்க இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

1. சர்க்யூட் வரைபடம்

புது புராஜெக்ட் தொடங்கி ஸ்கிமேட்டிக் எடிட்டரைத் திறங்கள். 'ஏ' அழுத்தினால் சிம்பல் வரும், 'டபிள்யூ' அழுத்தினால் வயர்.

555-ன் 8, 7 பின்களுக்கு (கால்களுக்கு) நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். 7, 6 பின்களுக்கு நடுவே 68 கிலோ ஓம். 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். 4-ஐ 8-உடன் இணையுங்கள். 5-லிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட். 3-லிருந்து 1 கிலோ ஓம் வழியாக எல்இடி, பிறகு கிரவுண்டு. 8-க்கும் 1-க்கும் குறுக்கே 100 நானோஃபாரட். 9 வோல்ட் பேட்டரிக்கு ஒரு கனெக்டர்: பிளஸ் 8-க்கு, மைனஸ் 1-க்கு, அதுவே கிரவுண்டு. நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை மினுக்கும்.

இப்போது இஆர்சி, அதாவது வரைபடத்தின் இணைப்புகளைச் சரிபார்க்கும் சோதனையை ஓட்டுங்கள். பவர் பின்னுக்கு மின்சாரம் தருபவர் யாரும் இல்லை என்று பிழை காட்டும். பயப்பட வேண்டாம். கனெக்டர் வழியாகத்தான் மின்சாரம் வருகிறது என்பது கிகேடுக்குத் தெரியாது. 9 வோல்ட் லைனிலும் கிரவுண்டிலும் பவர் ஃபிளாக் சிம்பலை வைத்தால் பிழை போய்விடும்.

2. ஃபுட்பிரின்ட்

நிறையப் பேரின் முதல் போர்டு வீணாவது இங்கேதான். வரைபடத்தில் கெபாசிட்டர் வெறும் சிம்பல். அதன் கால்களுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பதை ஃபுட்பிரின்ட்தான் சொல்கிறது. சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் 2 மி.மீ. இடைவெளியும் உண்டு, 2.5-உம் உண்டு. அதனால் பாகங்களை முதலில் வாங்கிவிடுங்கள். வெர்னியரில் அளந்து, அதற்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். ஐசிக்கு 8 கால் டிஐபி (இரு வரிசைக் கால்கள் உள்ள வடிவம்), வரிசைகளுக்கு நடுவே 7.62 மி.மீ.

3. போர்டு

பிசிபி எடிட்டரில் 'எஃப்8' அழுத்தினால் பாகங்கள் எல்லாம் வந்து இறங்கும். போர்டின் விளிம்பைக் குறிக்கும் எட்ஜ் கட்ஸ் லேயரில் 50×40 மி.மீ. செவ்வகம் வரையுங்கள்.

உடனே டிராக் (பாகங்களை இணைக்கும் செம்புக் கோடு) போட ஆரம்பிக்காதீர்கள். நேரத்தை எல்லாம் பாகங்களை அடுக்குவதில் செலவிடுங்கள். கனெக்டர் ஓரத்தில் இருக்கட்டும். 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஐசியை ஒட்டியே இருக்க வேண்டும். இணைப்பைக் காட்டும் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது குறையும் வரை திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். அடுக்கு சரியாக அமைந்தால் டிராக் தானே வழி கண்டுகொள்ளும்.

டிராக் போட 'எக்ஸ்'. அகலம் 0.5 மி.மீ. இருக்கட்டும். பின்பக்கம் முழுக்க கிரவுண்டு ஸோன் (கிரவுண்டுடன் இணைந்த செம்புப் பரப்பு) வரைந்து 'பி' அழுத்தி நிரப்புங்கள். கிரவுண்டு பேடுகளை (கால்களை சோல்டர் செய்யும் செம்பு வட்டங்களை) ஸோனுடன் நான்கு மெல்லிய கால்கள் இணைப்பதைப் பார்ப்பீர்கள். அதை மாற்றாதீர்கள். முழுச் செம்போடு ஒட்டியிருந்தால் சூடு பரவி, ஈயம் சரியாக உருகாது.

பிறகு டிஆர்சி, அதாவது போர்டு வடிவமைப்பு விதிகளைச் சரிபார்க்கும் சோதனை. அதில் பிழை இல்லை என்றாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. போர்டை நிஜ அளவிலேயே தாளில் பிரின்ட் எடுத்து, தெர்மாகோல் மேல் வைத்து, பாகங்களின் கால்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். கால் ஓட்டைக்குள் நேராக இறங்காவிட்டால் ஃபுட்பிரின்ட் தப்பு. டிஆர்சியால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

4. ஆர்டர்

இருபக்கச் செம்பு, மாஸ்க் (செம்பை மூடும் பூச்சு), சில்க்ஸ்கிரீன் (மேலே அச்சாகும் எழுத்துகள்), எட்ஜ் கட்ஸ் ஆகியவற்றுக்கு கெர்பர் ஃபைல், அதாவது தயாரிப்பாளருக்கு அனுப்பும் லேயர் படங்கள் எடுங்கள். ஓட்டைகளின் இடத்தைச் சொல்லும் டிரில் ஃபைலை மறக்காதீர்கள். எல்லாவற்றையும் கெர்பர் வியூவரில் திறந்து பார்த்துவிட்டு ஜிப் செய்யுங்கள்.

சீனாவின் ஜேஎல்சிபிசிபி, பிசிபிவே, இந்தியாவின் பிசிபி பவர் போன்ற தளங்களில் ஜிப்பை ஏற்றலாம். இரண்டு லேயர், எஃப்ஆர்4 (வழக்கமான கண்ணாடி இழைப் பலகை), 1.6 மி.மீ. தடிமன், 1 அவுன்ஸ் செம்பு (செம்பின் தடிமனைக் குறிக்கும் அளவு), பச்சை நிறம். இவ்வளவு போதும். வெளிநாட்டு ஆர்டரில் போர்டு விலையைக் கூரியர் கட்டணமும் சுங்க வரியும் தாண்டிவிடக்கூடும். மொத்தத் தொகையைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

போர்டு வந்ததும், சோல்டர் பிடிக்கும் முன் 9 வோல்ட் பேடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். பீப் வரக் கூடாது. பிறகு ரெசிஸ்டர், ஐசி சாக்கெட், கெபாசிட்டர் என்று உயரம் குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். எல்இடியின் நீளமான கால் பிளஸ்.