நரம்புச் சுருட்டா, ரத்தக் குழாய் அடைப்பா? ஊசித் துளை சிகிச்சைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும், இந்தப் பக்கம் ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும், கால் வலியோடுதான் பாதிப் பேர் வேலைக்குப் போகிறார்கள். விடியற்காலையிலிருந்து நின்றபடியே மீன் பிரிக்கிறவர்கள், உப்பளத்தில் வாருகிறவர்கள், இடுப்பளவுத் தண்ணீரில் பாசி எடுக்கிற பெண்கள், மணிக்கணக்காக உட்கார்ந்து வலை சரிபார்க்கிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் எண்ணெய் தேய்த்தேன், துணியை இறுக்கிக் கட்டினேன், மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன் என்றுதான் சொல்வார்கள். வலிக்குக் காரணம் ரத்தக் குழாயாக இருந்தால், இன்றைக்குப் பெரும்பாலும் கத்தி வைத்துக் கிழிக்காமலே, ஊசி போகிற அளவுத் துளை வழியாக அதைச் சரிசெய்ய முடியும். ஆனால் முதலில் கெட்டுப்போனது எந்தக் குழாய் என்று தெரிய வேண்டும். இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவருவது தமனி, திரும்ப மேலே கொண்டுபோவது சிரை. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்குக் கேடாக முடியலாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. சாயங்காலம் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, படுத்துத் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தால் சுகமாக இருக்கிறது, கெண்டைக்காலில் பச்சையாக நரம்பு புடைத்துச் சுருண்டு தெரிகிறது, உள்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கிறது என்றால் பெரும்பாலும் சிரைதான். சிரைக்குள் ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கிற வால்வுகள் பழுதாகி, ரத்தம் காலிலேயே தேங்குவதால் வருவதுதான் நரம்புச் சுருட்டு. தமனி அடைப்பு வேறு மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கும். முற்றிப்போனால் ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் எரியும், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால்தான் தூக்கம் வரும். தூக்கி வைத்தால் சுகமா, தொங்கப்போட்டால் சுகமா என்பதைக் கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய தகவல்.

அப்புறம் நாடி. இரண்டு விரல் நுனியை மேல்பாதத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து மேலே போகிற கோட்டில், பாதத்தின் நடுப்பகுதியில் மெதுவாக வையுங்கள். அழுத்தினால் தெரியாது, பட்டும் படாமல் இருக்க வேண்டும். இன்னொரு இடம் உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் இருக்கும் குழி. இரண்டு காலிலும் பார்த்து ஒப்பிடுங்கள். நல்ல ஆரோக்கியமான சிலருக்கும் மேல்பாதத்து நாடி கைக்குக் கிடைக்காது, அதனால் ஓரிடத்தில் இல்லை என்றதும் பயப்பட வேண்டாம். இரண்டு இடத்திலும் துடிப்பே இல்லை, அந்தக் கால் மட்டும் சில்லென்று இருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கால் வீங்கினால் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவதும், யாரோ வாங்கி வைத்த, காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸை எடுத்து மாட்டுவதும் இங்கே ரொம்ப சாதாரணம். சிரைக் கோளாறுக்கு அந்த அழுத்தம் மருந்து. தமனி அடைத்த காலுக்கு வருகிற கொஞ்ச நஞ்ச ரத்தத்தையும் அது நிறுத்திவிடும், விரல் கறுத்துப் போகும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கிற சின்னச் சோதனை ஒன்று உண்டு, 0.9-க்குக் கீழே வந்தால் தமனியில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை நோய் ரொம்ப வருஷமாக உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இந்தக் கணக்கு பொய்யாக உயர்ந்து காட்டலாம், அவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு: பாதம் மரத்துப்போயிருப்பதால் நடக்கும்போது வலியே தெரியாமல், நேராகப் புண்ணில் வந்து நிற்கும். சிப்பி கிழித்த புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லை என்றால் களிம்பை மாற்றிக்கொண்டு இருக்காமல் ரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணி பட்டால் ஆறிவிடும் என்று புண்ணோடு கடலில் இறங்கவே இறங்காதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் இருக்கும் விப்ரியோ கிருமி, சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவர்களை உயிருக்கே ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

சரி, எங்கே போவது? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சர்ஜரி ஓபியில் காட்டி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேனில் ஆரம்பிக்கலாம். ரத்தக் குழாய்க்கென்றே தனிப் பிரிவு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இருக்கிறது. சிரைக்கு எடுக்கிற டாப்ளரை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும், படுக்க வைத்து மட்டும் பார்த்தால் ரத்தம் எங்கே பின்வாங்குகிறது என்பது தப்பிப்போகலாம். ஆழத்தில் இருக்கும் பெரிய சிரை அடைப்பில்லாமல் இருக்கிறதா என்பதும் அந்த ரிப்போர்ட்டில் வர வேண்டும். அது தெரியாமல் மேல் சிரையை மூடுவதற்கு யாரும் தேதி கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழுதான சிரையை மூட லேசர், ரேடியோ அலை, பசை, நுரை ஊசி என்று நான்கு வழி உண்டு. லேசரிலும் ரேடியோ அலையிலும் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். முழங்கால் பக்கத்தில் ஊசி போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி மெல்லிய குழாயைச் சிரைக்குள்ளேயே தொடை இடுக்கு வரை ஏற்றுவார்கள். பிறகு சிரையைச் சுற்றி நீளமாக, மரத்துப்போகும் மருந்து கலந்த சலைன் தண்ணீரை ஊசியால் நிரப்புவார்கள். வலி தெரியாமல் இருக்க மட்டும் இல்லை, சூடு தோலையும் பக்கத்து உணர்வு நரம்பையும் சுடாமல் தடுப்பதும் அந்தத் தண்ணீர்தான். அந்தக் குத்தல்கள்தான் மொத்தத்தில் கொஞ்சம் வலிக்கிற கட்டம். ரேடியோ அலைக் குழாயின் நுனி 120 டிகிரி வரை சூடாகும், 20 விநாடிக்கு ஒரு துண்டு என்று கீழே இழுத்துக்கொண்டே சிரையைச் சுருக்கி மூடுவார்கள். ரத்தம் பக்கத்தில் இருக்கும் நல்ல சிரைகள் வழியாகப் போய்விடும், அதனால் ஒன்றை மூடினால் கால் என்ன ஆகும் என்று கவலைப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்து அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வரலாம். நடக்கத்தான் வேண்டும், படுத்தே இருந்தால் ஆழச் சிரையில் ரத்தம் உறையும் ஆபத்து. கொஞ்ச நாள் மரத்துப்போவது, தொடையில் கயிறு இழுப்பது போன்ற வலி, நுரை ஊசி போட்ட இடத்தில் பழுப்புக் கறை, இதெல்லாம் வரலாம் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இதற்கு வசதியான சமயம். டாக்டர் சொல்கிற வரை பாரம் தூக்காமல் இருக்க அப்போதுதான் முடியும். ஒரே தொந்தரவு, சிகிச்சைக்குப் பிறகு அந்த வெயிலில் ஸ்டாக்கிங்ஸ் போடுவது. காலையில் எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன்னால் மாட்டிவிடுங்கள், ராத்திரி கழற்றலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் காலை அளந்து வாங்குங்கள், ஊரில் ஒருத்தர் காலுக்கு வாங்கியது இன்னொருத்தருக்கு ஆகாது. கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்வதுதான் வழக்கம், புடைப்பு ஓரளவு தானே இறங்கிவிடும்.

தமனி விஷயத்தில் அவ்வளவு நிதானம் கிடையாது. விரல் கறுத்த பிறகு "காலை எடுக்கணும்" என்று ஓரிடத்தில் சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ரத்தக் குழாய் நிபுணரிடம் "அடைப்பைத் திறக்க வழி இருக்கிறதா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர், காலை எடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட்ட 82 வயது மூதாட்டிக்குத் தொடைத் தமனி அடைப்பைக் குழாய் விட்டே திறந்தார், அந்தக் கால் தப்பியது. இன்றைக்கு நடக்கும் பலூன் சிகிச்சை அங்கிருந்து வந்ததுதான். தொடை இடுக்கில் துளை போட்டு, கம்பியை அடைப்புக்குள் நுழைத்து, அதன் மேல் பலூனை ஏற்றி விரிப்பார்கள், தேவைப்பட்டால் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயும் வைப்பார்கள். எல்லா அடைப்பையும் இப்படித் திறக்க முடியாது, சிலருக்கு அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு வேறு வழி போடும் பைபாஸ் ஆபரேஷன்தான் சரி. ஆனால் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. படம் எடுக்கச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் வையுங்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். முடிந்ததும் பல மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், துளை போட்ட இடத்தில் ரத்தம் கசிந்து ஈரமாகத் தெரிந்தால் உடனே அழுத்திப் பிடித்து நர்ஸைக் கூப்பிடுங்கள். பிறகு கொடுக்கும் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை, பல் பிடுங்கவென்றுகூட, கேட்காமல் நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட்டை விடாமல் பலூன் வைத்துக்கொண்டால் குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளும். பீடி பிடிக்கும் இளவட்டங்களுக்கு வருகிற, கை கால் ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும் பர்ஜர் நோய்க்கு முதல் மருந்தே அதை விடுவதுதான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்குக் கிடைக்கும். ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் உங்களுக்குச் செய்யப்போகும் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, ஸ்டென்டும் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, காத்திருக்கவே கூடாத இரண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ஆழச் சிரையில் உறைந்த ரத்தக் கட்டியாக இருக்கலாம், நீவிவிடாதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள், மூச்சு வாங்கினால் 108. கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்து, விரல் அசைக்க முடியாமல் போனால் தமனி மொத்தமாக அடைத்துவிட்டது, சுமார் 6 மணி நேரத்துக்குள் திறக்காவிட்டால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம். பாம்பனிலிருந்து மதுரைக்கு ரோட்டிலேயே மூன்று மணி நேரம் போய்விடும். அதனால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடியும் வரை பார்க்காமல், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். போகும்போதே போன் போட்டு, ரத்தக் குழாய் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.