டாங்கோ மாதிரி ஒரு சோதனைக் குறும்படம் பார்த்துட்டு உருப்படியா கருத்து சொல்றது எப்படி

சோதனைக் குறும்படம், அதாவது வழக்கமான கதை இல்லாம புதுசா ஒரு முறையைச் செஞ்சு பார்க்குற சின்னப் படம், ஒண்ணு முடிஞ்சு லைட் போட்டதும் பெரும்பாலும் ரெண்டே பேச்சு தான் காதுல விழும், ஒண்ணு "செம, வேற லெவல்", இல்லன்னா "ஒண்ணுமே புரியல". ரெண்டையும் கேக்குறவருக்கு படத்துல என்ன இருந்துச்சுன்னு ஒரு துளி கூட தெரியாது. கதை சொல்ற படம்னா ஹீரோ, வில்லன், இன்டர்வெல், க்ளைமாக்ஸ்னு பேச ஆயிரம் இருக்கு, இதுல அதெல்லாம் இல்லாததால தான் பேச்சு வரமாட்டேங்குது, மத்தபடி உங்களுக்கு ரசனை இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரு படத்தை எடுத்துக்கிட்டு எப்படி பார்க்கணும், எப்படி பேசணும்னு படிப்படியா சொல்றேன், அப்புறம் எந்தப் படத்துக்கும் அதை வச்சுக்கலாம்.

எடுத்துக்குற படம் டாங்கோ. போலந்துக்காரர் ஸ்பிக்னியெவ் ரிப்சின்ஸ்கி 1980ல பண்ணது, 8 நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல ஓடும், 1983ல சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்குச்சு. கீழ கடைசி ஷாட் வரைக்கும் பேசப் போறேன், அதனால பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து படிங்க.

முதல் தடவை பார்க்கும்போது எதையும் படிக்காம, பாஸ் பண்ணாம, சத்தத்தோட பாருங்க. முடிஞ்ச வரைக்கும் பெரிய ஸ்க்ரீன்ல. கேமரா ஒரே இடத்துல நிக்குது, ஒரே ரூம், நகரவே நகராது, எல்லாம் அந்த ஃப்ரேமோட மூலை முடுக்குல தான் நடக்குது, போன்ல பார்த்தா பாதி ஆளுங்க எறும்பு சைஸ்ல போயிடுவாங்க.

படம் முடிஞ்ச உடனே, யார்கிட்டயும் பேசுறதுக்கு முன்னாடி, ஒரு பேப்பர்ல என்ன பார்த்தீங்கன்னு மட்டும் எழுதுங்க. "தனிமை", "வாழ்க்கைச் சுழற்சி" அப்படி எல்லாம் இப்ப வேண்டாம், யாரு என்ன செஞ்சாங்க அவ்வளவு தான். ஜன்னல் வழியா ஒரு பந்து உள்ள வருது, ஒரு பையன் ஏறி உள்ள குதிச்சு பந்தை எடுத்துக்கிட்டு வெளிய போறான், திரும்ப பந்து வருது, திரும்ப அவன் வர்றான். ஒரு அம்மா கைக்குழந்தையோட வர்றாங்க. ஒருத்தர் ஒரு பார்சலை அலமாரி மேல வச்சுட்டுப் போறார், ஒரு திருடன் ஜன்னல் வழியா வந்து அதைத் தூக்கிட்டுப் போறான். ஒருத்தர் பல்பு மாட்ட டேபிள் மேல ஏறி கீழ விழுறார். ஒரு பொண்ணு டிரெஸ் மாத்துது. ஒரு பாட்டி கட்டில்ல படுக்குறாங்க. ஒவ்வொருத்தரும் தன் வேலையை முடிச்சு வெளிய போயி திரும்ப அதையே பண்றாங்க, ஆள் கூடிக்கிட்டே போயி மொத்தம் 36 பேர், ரூம் ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசலாயிடுது, ஆனா சேர்ந்தே வர்றவங்களைத் தவிர ஒருத்தர் தோள் இன்னொருத்தர் மேல படல, ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்க்கவும் இல்ல.

இந்த லிஸ்ட்டை கூட பார்த்தவங்களோட லிஸ்ட்டோட வச்சுப் பாருங்க. ஒண்ணு போல இருக்காது. 36 பேரையும் ஒரே நேரத்துல பின்தொடர எந்தக் கண்ணாலயும் முடியாது, அதனால ஒருத்தர் திருடனையே பார்த்திருக்க மாட்டாங்க, இன்னொருத்தர் குழந்தையை மட்டும் தான் பார்த்திருப்பாங்க. டைரக்டர் எங்க பார்க்கணும்னு க்ளோஸப் வச்சு சொல்லல, நீங்களே தேர்ந்தெடுத்தீங்க. நீங்க யாரைத் தேர்ந்தெடுத்தீங்கங்குறது தான் உங்க கருத்தோட முதல் வரி, இதை நான் ரொம்ப நம்புறேன், "அற்புதமான படம்"னு ஆரம்பிக்கிறதை விட "நான் அந்தப் பந்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன்"னு ஆரம்பிச்சா கேக்குறவங்க உடனே காது கொடுப்பாங்க.

ரெண்டாவது தடவை பார்க்கும்போது ஒரே ஒரு ஆளைப் பிடிச்சுக்கோங்க, அவர் வெளிய போற வரைக்கும் கண்ணை எடுக்காதீங்க. திருடனைப் பிடிச்சீங்கன்னா இன்னொரு விஷயம் தெரியும், அவன் எடுத்துட்டுப் போன பார்சல் மறுபடியும் வைக்கப்படுது, மறுபடியும் திருடு போகுது, திருட்டு நடந்துக்கிட்டே இருக்கு, யாருக்கும் அது தெரியல. சிலருக்கு இந்த இடம் சிரிப்பு, எனக்கு பயங்கரமான சோகம். ரெண்டும் சரி தான், எந்த இடத்தை வச்சு சொல்றீங்கன்னு காட்டுனா போதும்.

இப்ப தான் எப்படி எடுத்தாங்கன்னு படிக்கணும், இதுக்கு முன்னாடி கூடாது. கம்ப்யூட்டர் கிடையாது. ஆளுங்களைத் தனித்தனியா ஷூட் பண்ணி, மத்த இடத்தை மறைக்க கையால வரைஞ்சு பெயிண்ட் பண்ண மறைப்புத் தாள்கள், சினிமாக்காரங்க மேட்னு சொல்றது, சுமார் 16,000, அதை வச்சு ஆப்டிகல் பிரிண்டர்ல, அதாவது ஒரு ஃபிலிம்ல இருக்குறதை இன்னொரு ஃபிலிம்ல பதியுற மெஷின்ல, பல லட்சம் தடவை எக்ஸ்போஷர் கொடுத்து ஒரே ஃபிலிம்ல எல்லாரையும் ரிப்சின்ஸ்கி சேர்த்திருக்கார். தினம் 16 மணி நேரம், 7 மாசம் ஆச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். நிஜ மனுஷங்க நடிச்ச படத்துக்கு எதுக்கு அனிமேஷன் விருதுன்னு கேக்குறவங்களுக்கு பதில் இது தான், ஒவ்வொரு ஃப்ரேமும் கையால கட்டுனது. ஆளுங்களைச் சுத்தி கருப்புக் கோடு தெரியும், படம் லேசா நடுங்கும், கலர் மாறும், இந்தக் குறை எல்லாம் இருக்குன்னும் அவரே ஒத்துக்கிட்டிருக்கார், அதனால "எடிட்டிங் சுத்தமா இல்ல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இது 1980னு ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏன் இதை ரெண்டாவது பார்வைக்கு அப்புறம் வைக்கச் சொல்றேன்னா, முதல்லயே தெரிஞ்சுட்டா உங்க மொத்தக் கருத்தும் "எவ்ளோ உழைப்பு பாருங்க"ங்குறதோட நின்னுடும். உழைப்பு மரியாதைக்கு உரியது, ஆனா உழைச்ச படம் எல்லாம் நல்ல படம் ஆயிடாது, உழைப்பைப் பாராட்டுறதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு படம் தன்னை என்ன பண்ணுச்சுன்னு சொல்லாம தப்பிக்கிறவங்களை நிறைய பார்த்திருக்கேன்.

அடுத்தது தான் இதுல முக்கியமான வேலை. எந்த சோதனைப் படமும் தனக்குன்னு ஒரு விதி வச்சிருக்கும், அந்த விதியையும் அது எங்க உடையுதுன்னும் கண்டுபிடிங்க. டாங்கோல விதி, ஒவ்வொருத்தரும் ஒரே செயலைத் திரும்பத் திரும்ப பண்ணணும், அடுத்தவர் பொருளைத் தொட்டாலும் அடுத்தவரைத் தொடக் கூடாது. கடைசியில எல்லாரும் ஒவ்வொருத்தரா குறைஞ்சு போயி பாட்டி மட்டும் மிச்சம், அந்தப் பையனோட பந்தை அவங்க எடுத்துக்கிட்டு வெளிய போறாங்க. விதி உடையுற இடம் அது, திரும்பத் திரும்ப பண்ணதை விட்டுட்டு ஒருத்தர் வேற ஒண்ணைப் பண்றாங்க. பிரான்ஸ்ல கிறிஸ் மார்க்கர் 1962ல எடுத்த லா ஜெட்டே 28 நிமிஷமும் கிட்டத்தட்ட முழுசா அசையாத போட்டோக்கள் தான், ஒரே ஒரு இடத்துல மட்டும் படுத்திருக்குற பொண்ணு கண்ணைத் திறந்து பார்க்கும்போது படம் அசையும், அதைப் பத்திப் பேசாம அந்தப் படத்தைப் பத்திப் பேசவே முடியாது. விதி ஒரு வரி, உடையுற இடம் ஒரு வரி, அப்ப உங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வரி. இந்த மூணும் இருந்தா நட்சத்திரமும் வேண்டாம் மார்க்கும் வேண்டாம்.

அர்த்தத்துக்கு வருவோம். டாங்கோவுக்கு கேக்குற அர்த்தங்கள்ல ஒண்ணு, கம்யூனிஸ்ட் காலத்துப் போலந்துல வீட்டுக்குப் பல வருஷம் காத்திருக்கணும், ஒரே வீட்டுல நிறைய பேர் அடைஞ்சு கிடந்தாங்க, அதைத் தான் காட்டுறார்ங்குறது. வீட்டுப் பஞ்சம் நிஜம். ஆனா படத்தோட ஒட்டிப் பாருங்க, நெரிசலைப் பத்தின படம்னா இடிச்சுக்கணும், சண்டை வரணும், வழி விடச் சொல்லணும், இங்க எதுவும் இல்ல. இன்னொண்ணு, இவங்க எல்லாம் வெவ்வேற காலத்துல அந்த ரூம்ல வாழ்ந்தவங்க, படம் அந்தக் காலங்களை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வச்சுடுச்சுங்குறது. எனக்கு இது தான் சரின்னு படுது, ஏன்னா யாரும் யாரையும் பார்க்காததுக்கு இது காரணம் சொல்லுது, பந்து பாட்டி கைக்குப் போறதுக்கும் சொல்லுது, படம் எடுத்த முறையும் அது தானே, தனித்தனி நேரத்துல நின்னவங்களை ஒரே ரூம்ல சேர்த்தது. ரிப்சின்ஸ்கியும் வாழ்க்கையோட வெவ்வேற கட்டத்துல இருக்குற, வெவ்வேற காலங்களைக் குறிக்குற ஆளுங்கன்னு தான் சொல்லியிருக்கார், ஆனா அதை நீங்க முடிவு பண்ணதுக்கு அப்புறம் படிங்க. உங்களுக்கு வேற அர்த்தம் பட்டா தாராளமா சொல்லுங்க, எந்த ஷாட் அதைத் தாங்குதுன்னு காட்டணும், எந்த ஷாட் இடிக்குதுன்னும் காட்டணும், ரெண்டாவதை தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

"புரியல", "போர்"னு சொல்றதுல தப்பே இல்ல, எங்கன்னு சொல்லணும். ஆரம்பத்துல பையன் மட்டும் வந்து போறப்ப போர் அடிச்சுதா, இல்ல ரூம் நிறைஞ்சதுக்கு அப்புறமா? முதல்ல அடிச்சிருந்தா விதி பிடிபடுற வரைக்கும் பொறுமை இல்ல, அப்புறம் அடிச்சிருந்தா படம் விதியைக் காட்டி முடிச்சுட்டு இன்னும் நீட்டுதுன்னு உங்களுக்குத் தோணுது. பின்னது ரொம்ப நியாயமான விமர்சனம், பெரிய படம்னு பயந்து விழுங்காதீங்க.

எந்தப் பிரதி பார்த்தீங்கன்னும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. மாயா டெரனும் அலெக்சாண்டர் ஹமிடும் 1943ல எடுத்த மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன் சத்தமே இல்லாத படமா தான் வந்துச்சு, டெய்ஜி இட்டோவோட இசை 1959ல சேர்ந்தது, அதனால இசையைப் புகழ்ந்து ஒருத்தரும் "அந்த நிசப்தம்"னு புகழ்ந்து இன்னொருத்தரும் சண்டை போட்டா ரெண்டு பேரும் சொல்றது உண்மையா இருக்கலாம்.

பத்து பேர் சேர்ந்து பார்த்தா, சினிமா அதிகம் படிச்சவரைக் கடைசியில பேச விடுங்க. அவர் முதல்ல பேசிட்டா மத்தவங்க தங்களோட லிஸ்ட்டை மடிச்சு பாக்கெட்ல வச்சுடுவாங்க. சின்னப் பசங்களும் கூட இருக்காங்கன்னா இன்னொண்ணு, டாங்கோல நிர்வாணமா ஒரு பொண்ணு வர்ற இடம் இருக்கு, கட்டில்ல ஒரு ஜோடியும் இருக்கு, பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டு போடுங்க.