ஆட்டிசம் உள்ள பிள்ளைய காலேஜுக்கு எப்படி தயார் பண்றது

பிளஸ் டூ ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) வேலைய இப்பவே ஆரம்பிங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு, குறைபாடு 40 சதவீதம் அல்லது அதுக்கு மேலன்னு சர்டிபிகேட் இருந்தா அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்ல 5 சதவீத இடஒதுக்கீட்டுல சீட் கேக்கலாம், வயசு வரம்புலயும் 5 வருஷம் தளர்வு உண்டு.

சீட் கிடைச்சதும், கூட்டம் இல்லாத ஒரு நாள் பர்மிஷன் வாங்கி கூட்டிட்டுப் போங்க, கிளாஸ், கேன்டீன், டாய்லெட்னு எல்லாத்தையும் நடந்து பாக்கட்டும், போட்டோவும் எடுத்துக்கோங்க, வீட்ல திரும்பத் திரும்ப பாத்துக்கலாம். பஸ்லயும் ரெண்டு மூணு தடவ சேர்ந்து போங்க.

நிறைய பேர் கவனிக்காம விடுறது ஃப்ரீ ஹவர். ஸ்கூல்ல உக்காந்த இடத்துக்கு டீச்சர் வருவாங்க, இங்க இவங்கதான் ரூம் ரூமா மாறணும், திடீர்னு சார் வரலன்னா என்ன பண்றதுன்னே தெரியாம வராண்டாவுலயே நின்னுடுவாங்க. "ஃப்ரீயா இருப்பா"ன்னு சொல்றது பிரயோஜனமே இல்ல. "சார் வரலன்னா லைப்ரரி, ஜன்னலோர சீட், பெல் அடிச்சதும் அடுத்த கிளாஸ்"னு எழுதி ஐடி கார்டு பின்னாடி வைங்க.

ஹெச்ஓடிக்கு, அதாவது துறைத் தலைவருக்கு, ஒரு பக்க லெட்டர் குடுங்க. கண்ணப் பாத்துப் பேசலன்னா அது திமிர் இல்ல, வைவால (வாய்மொழித் தேர்வுல) ஒவ்வொரு கேள்வியா கேளுங்கன்னு தெளிவா எழுதுங்க, பிள்ளைகிட்ட காட்டி சம்மதம் வாங்கிட்டு அப்புறம் குடுங்க. பரீட்சைக்கு எக்ஸ்ட்ரா டைம், ஸ்க்ரைப் (சொல்லச் சொல்ல எழுதித் தர்றவர்) வேணும்னா செமஸ்டர் ஆரம்பத்துலயே எழுத்துல கேட்டுடுங்க.