மைனஸ் 10 டிகிரியில் மரம் வெட்டப் போகிறீர்களா?

கனடா போன்ற குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் மரக்கிளை கழிக்கும் வேலைக்குப் போகிறவர்கள், பருத்தி பனியனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அது வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். செயின்சாவை (மோட்டார் சங்கிலி ரம்பத்தை) நிறுத்தியதுமே முதுகு சில்லிட ஆரம்பிக்கும். உடம்பை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், மேலே ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி), வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லையென்றால் போட்டது அதிகம். மரத்தில் ஏறுபவருக்கு உடம்பு தானே சூடேறும். கீழே கயிறு பிடித்து நிற்பவருக்குத்தான் இன்னொரு அடுக்கு தேவை.

மஃப்ளர் கூடவே கூடாது. தொங்கும் முனை கிளையோடு சிக்கினால் கிளைகளைத் துண்டு துண்டாக நறுக்கும் சிப்பர் இயந்திரம் ஆளையே இழுத்துவிடும். தலைவழியே மாட்டும் நெக் வார்மர் போதும். ஹெல்மெட்டுக்குள் தடித்த குல்லாவும் வேண்டாம்: ஹெல்மெட் ஆடும், காதுக் கவசத்தின் மெத்தை தோலில் ஒட்டாமல் இரைச்சல் உள்ளே நுழையும். ஹெல்மெட் கம்பெனியே விற்கும் மெல்லிய உள்குல்லாவை வாங்குங்கள்.

கையுறை மூன்று ஜோடியாவது இருக்கட்டும், நனைந்ததும் மாற்ற. செயின்சாவின் அதிர்வும் குளிரும் சேர்ந்தால் விரல்நுனி வெளுத்து மரத்துப்போகும். அப்போது நிறுத்திவிட்டுக் கையைச் சூடாக்குங்கள். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும், விரலை அசைக்க இடம் இருக்க வேண்டும். சங்கிலி காலை வெட்டாமல் காக்கும் செயின்சா பேன்ட்டைக் கனமென்று தவிர்க்காதீர்கள். உள்ளே தெர்மல் (குளிர்கால உள்ளாடை) போட்டுக்கொள்ளலாம்.