டெலிகிராஃபில் பாட் எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

டெலிகிராம் பாட் (செய்திகளுக்குத் தானே பதில் தரும் நிரல்) எழுத ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் பலர் எடுப்பது டெலிகிராஃப் (Telegraf) என்ற நூலகத்தை. சில வரிகளிலேயே பாட் பதில் பேசத் தொடங்கிவிடும். தொல்லை தரும் தவறுகள் பிறகுதான் தலைகாட்டும். அவற்றில் சில, பிழைச்செய்திகூடக் காட்டாது.

அதிகம் பேரைத் திணறடிப்பது ஹேண்ட்லர்களின், அதாவது வரும் செய்தியைக் கையாளும் நிரல் துண்டுகளின், வரிசை. வரும் செய்தி, நீங்கள் எழுதிய வரிசையிலேயே ஒவ்வொரு ஹேண்ட்லராகக் கடந்து போகும். பொருந்தும் ஹேண்ட்லர், அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும் நெக்ஸ்ட்டை அழைக்காவிட்டால் பயணம் அங்கேயே முடிந்தது. எல்லா உரைச் செய்திகளையும் பிடிக்கும் ஹேண்ட்லரை மேலே வைத்துவிட்டு, ஹெல்ப் கட்டளையைக் கீழே எழுதினால் அது ஒருநாளும் ஓடாது. கட்டளையும் ஓர் உரைச் செய்திதானே! கட்டளைகள் மேலே, பொதுவானவை கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அவெய்ட், அதாவது ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் குறிச்சொல். செய்தி அனுப்பும் வரியில் அதை விட்டுவிட்டால், அங்கு எழும் பிழை பாட்டின் பிழை பிடிக்கும் கேட்ச் ஹேண்ட்லருக்கு வந்தே சேராது. பல பேருக்கு அறிவிப்பு அனுப்புகிறீர்கள். ஒருவர் பாட்டை பிளாக் செய்திருக்கிறார். டெலிகிராம் 403 (அனுமதி இல்லை) என்ற பிழையைத் திருப்பும். அதை யாரும் பிடிக்காததால் ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடு மென்பொருளின் 15ஆம் பதிப்பு முதல் முழு நிரலும் நின்றுவிடும். ஒருவர் விலகியதற்காக மற்ற அனைவருக்கும் சேவை நிற்பது பெரிய அநியாயம். ஆகவே அவெய்ட், கேட்ச் இரண்டும் கட்டாயம்.

செஷன் (ஒவ்வொரு பயனருடனும் நடக்கும் உரையாடலின் நிலைத் தகவல்), நீங்களாக எதுவும் அமைக்காவிட்டால், நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். சர்வரை மறுதொடக்கம் செய்தால் பாதியில் நின்ற படிவங்கள் எல்லாம் போச்சு. ரெடிஸ் அல்லது எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேமியுங்கள்.

தமிழில் பாட் எழுதுவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. பட்டனோடு அனுப்பும் கால்பேக் டேட்டாவுக்கு (பட்டனை அழுத்தியதும் பாட்டுக்குத் திரும்பி வரும் தகவல்) வரம்பு 64 பைட். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘தி’ என்பதே த, இகரக் குறி என இரண்டாகி 6 பைட். ‘திருநெல்வேலி மாவட்டம்’ 61 பைட் எடுக்கிறது. முன்னால் ‘ஊர்:’ சேர்த்தால் 71. டெலிகிராம் ஏற்காமல் 400 பிழை தரும். பட்டனின் மேல் தமிழ்ப் பெயரையும், டேட்டாவில் ஒரு சிறு எண்ணையும் வையுங்கள்.

சாய்கோட்டில் (/) தொடங்கும் கட்டளைகளில் தமிழ் எழுத்து செல்லாது. தமிழ்ச் சொல்லுக்குப் பதில் தர, செய்தியில் உள்ள சொல்லைப் பார்த்து இயங்கும் டெலிகிராஃபின் ஹியர்ஸைப் பயன்படுத்தலாம். ஆனால் ரெகெக்ஸின் (உரையில் வடிவம் தேடும் குறிமுறை) சொல் எல்லைக் குறி (\b) ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே அறியும், தமிழ் எழுத்தை அறியாது. ‘கொ’வின் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகப் பிரிந்தும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒப்பிட்டால் பொருந்தாது. முதலில் நார்மலைஸ் செய்து, அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

பட்டன் அழுத்தப்பட்டதும் கால்பேக்குக்குப் பதில் அனுப்ப மறந்தால், பயனரின் திரையில் பட்டன் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பாட்டின் ரகசியச் சாவியான டோக்கனை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். தவறி ஏற்றிவிட்டால், கோப்பை அழிப்பதோடு விடாமல், பாட்களை நிர்வகிக்கும் டெலிகிராமின் பாட்ஃபாதரில் பழைய டோக்கனை ரத்து செய்யுங்கள். சோதனைக்குத் தனி பாட் வைத்திருங்கள். ஒரே டோக்கனைச் சர்வரிலும் மடிக்கணினியிலும் போலிங் முறையில் (புதுச் செய்தி உண்டா என்று பாட் டெலிகிராமைத் தொடர்ந்து கேட்கும் முறை) ஒரே நேரத்தில் ஓட்டினால் 409 (மோதல்) பிழை வரும்.