டூமின் வரலாற்றை விளையாடிப் படிப்பது எப்படி: பழைய டெமோக்களைத் தடம் புரளாமல் ஓட்டும் வழி

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் விசைப்பலகையில் அழுத்திய ஒவ்வோர் அழுத்தத்தையும் இன்று உங்கள் கணினியில் அப்படியே மறுபடியும் நிகழ்த்திக் காட்ட முடியும். டூம் என்னும் கணினிச் சுடும் விளையாட்டுத் தொடரின் ரசிகர்கள் விட்டுச்சென்றிருக்கும் டெமோ கோப்புகள் அதைத்தான் செய்கின்றன. அவை காணொளிகள் அல்ல. விளையாட்டே மீண்டும் ஓடுகிறது. அதை ஓட்டுவது மட்டும் அன்றைய அந்த ஆட்டக்காரரின் கை. இந்தத் தொடரின் வரலாற்றை அறிய விரும்பும் எவருக்கும் கட்டுரைகளைப் படிப்பதற்கு முன் இந்தக் கோப்புகளை ஓட்டிப் பார்க்கும்படியே நான் சொல்வேன். ஆனால் சூழல் சரியாக அமையாவிட்டால் டெமோ சில நொடிகளில் தடம் புரண்டு, வீரன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். எனக்கு அப்படித்தான் நடந்தது. அதைச் சரிசெய்த வழியைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: மூல வாட் கோப்பைப் பெற்று, அதன் அளவைச் சரிபார்த்தல்

டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று டூமின் முதல் பகுதியை இலவசமாக வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட வுல்ஃபென்ஸ்டைன் 3டியை ரசிகர்கள் தாங்களாகவே மாற்றியமைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அதற்கு விளையாட்டின் மூலக் கோப்புகளையே அழித்தெழுத வேண்டியிருந்தது. அதைக் கவனித்த அந்நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக், டூமில் நிலைகள் (லெவல்கள்), படங்கள், ஒலிகள் அனைத்தையும் நிரலிலிருந்து பிரித்து வாட் என்னும் தனிக் கோப்பில் வைத்தார். மூலக் கோப்பு ஐவாட் எனப்படும். அதன்மேல் ரசிகர்கள் ஏற்றும் கோப்பு பிவாட் எனப்படும். மூலத்தைத் தொடாமலேயே புதியதைச் சேர்க்கலாம் என்ற இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்துதான் ரசிகர் சமூகம் முழுவதும் வளர்ந்தது.

உங்களிடம் இருக்க வேண்டியவை டூம், டூம் 2 ஆகியவற்றின் ஐவாட்கள். இன்று விற்கப்படும் பதிப்புகளை வாங்கினால் அவற்றின் கோப்புறைக்குள் இவை கிடைக்கும். ஆனால் எல்லாப் பதிப்புகளிலும் ஒரே கோப்பு இருப்பதில்லை. 2012இல் வந்த பிஎஃப்ஜி பதிப்பின் டூம் 2 கோப்பில் வுல்ஃபென்ஸ்டைனை நினைவூட்டும் இரண்டு இரகசிய நிலைகள் மாற்றப்பட்டுள்ளன. எனவே பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள். 1.9 பதிப்பின் டூம் 2 ஐவாட் 1,46,04,584 பைட்டுகள். முதல் டூமின் நான்கு பகுதிகள் கொண்ட விரிவுப் பதிப்பான அல்டிமேட் டூம் 1,24,08,292 பைட்டுகள். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் அது வேறு பதிப்பு.

முதல் பகுதி மட்டும் அடங்கிய இலவச ஷேர்வேர் கோப்பு 41,96,020 பைட்டுகள் கொண்டது. இதை மட்டும் வைத்துக்கொண்டு ரசிகர் நிலைகளை விளையாட முயலாதீர்கள். ஷேர்வேரில் வெளிக் கோப்புகளை ஏற்ற முடியாது, பதிவுசெய்து வாங்குங்கள் என்று மூல நிரலே சொல்லி நின்றுவிடும். படைப்பவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட நிறுவனம், விளையாட்டை வாங்கியவர்களுக்கே அந்தக் கதவு என்ற வரம்பையும் வைத்திருந்தது.

படி 2: சோர்ஸ் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தல்

1997 டிசம்பர் 23 அன்று ஐடி நிறுவனம் டூமின் மூலநிரலை வெளியிட்டது. ஒலிக்கான நூலகம் வேறொருவருக்குச் சொந்தமானது என்பதால் அந்தப் பகுதி அதில் இடம்பெறவில்லை. ரசிகர்கள்தாம் அதைப் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். 1999இல் அதே நிரல், யாரும் மாற்றிப் பகிர இடம்தரும் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்தபின், ஒருவரது திருத்தத்தை மற்றவர் எடுத்து வளர்ப்பது எளிதாயிற்று. பூம், எம்பிஎஃப், பிஆர்பூம் என ஒரு கிளையும், இசட்டூம், ஜிஇசட்டூம் என மற்றொரு கிளையும் இப்படித்தான் தழைத்தன. மூலநிரலிலிருந்து ரசிகர்கள் வளர்த்த இத்தகைய நிரல்களே சோர்ஸ் போர்ட்கள்.

தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலோர் ஜிஇசட்டூமையே பரிந்துரைப்பார்கள். புதிய காலத்துப் படைப்புகளுக்கு அது தேவைதான். 2023இல் வெளிவந்து எல்லோரையும் பேசவைத்த மைஹவுஸ் என்ற ரசிகர் நிலை அதில்தான் ஓடும். ஆனால் பழைய டெமோக்களை ஓட்ட அது உதவாது. வரலாற்றைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டு நிரல்களை நிறுவுங்கள். முதலாவது சாக்லெட் டூம். அது 1990களின் மூல நிரலை அதன் பிழைகளோடும் வரம்புகளோடும் அப்படியே மறுபடைப்புச் செய்கிறது. ஒரே காட்சியில் வரையப்படும் தரை, கூரைப் பரப்புகள் 128ஐத் தாண்டினால் மூல நிரல் நின்றுவிடும். சாக்லெட் டூமும் அந்த இடத்தில் நின்றுவிடும். அதைக் குறை என்பார்கள், எனக்கு அதுவே அதன் மதிப்பு. இரண்டாவது டிஎஸ்டிஏ-டூம். பிஆர்பூம் கிளையில் வந்த இது பழைய நடத்தையைக் காப்பதோடு, டெமோவை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கவும் இடம் தருகிறது. அன்றாடம் நான் பயன்படுத்துவது இதைத்தான்.

படி 3: ரசிகர் நிலையைத் தேடி, அதன் உரைக்கோப்பைப் படித்தல்

டூம் வெளிவந்து சில வாரங்களிலேயே நிலைகளைத் திருத்தும் டிஇயு என்னும் கருவியை ரசிகர்கள் உருவாக்கிவிட்டார்கள். 1994 மார்ச்சில் வந்த ஆரிக்வாட் என்பதே வெளியிடப்பட்ட முதல் ரசிகர் நிலையாகக் கருதப்படுகிறது. அதில் இருப்பவை இரண்டே அறைகள். அதிலிருந்து ஈராண்டுக்குள் ரசிகர்களின் வேலை விற்பனைத் தரத்தை எட்டிவிட்டது. இணையத்தில் ஒன்றுகூடிய டீம்டிஎன்டி குழு இலவசமாக வெளியிடவிருந்த 32 நிலைகளை ஐடி நிறுவனமே விலைக்கு வாங்கி, காசாலி சகோதரர்கள் உருவாக்கிய ப்ளூட்டோனியா என்ற நிலைத் தொகுப்பையும் சேர்த்து 1996இல் ஃபைனல் டூம் என்று விற்றது. இலவசமாகக் கிடைக்கும் என்று காத்திருந்த ரசிகர்கள் பலருக்கு அன்று ஏற்பட்ட கசப்பும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ரசிகர் நிலைகளின் பெருங்களஞ்சியம் ஐடிகேம்ஸ் காப்பகம். முதல் நிலையாக 2003இல் எரிக் ஆல்ம் வெளியிட்ட சைத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க நிலைகள் சிறியவை, சோர்வு தராதவை. கோப்பைப் பிரித்ததும் வாட்டுடன் ஓர் உரைக்கோப்பும் இருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. ஆனால் எந்த ஐவாட் தேவை, எந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும், எந்தத் திருத்தி பயன்பட்டது, உருவாக்க எவ்வளவு காலம் பிடித்தது, தெரிந்த பிழைகள் யாவை என்பனவெல்லாம் ஒரே படிவத்தில் அதில் நிரப்பப்பட்டிருக்கும். முப்பது ஆண்டுகளாக இந்தப் படிவம் பெரிதாக மாறவில்லை. பத்துப் பதினைந்து உரைக்கோப்புகளை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். எந்தக் கட்டுரையும் தராத ஒரு சமூக வரலாறு கண்முன் விரியும்.

படி 4: சரியான காம்ப்லெவலோடு தொடங்குதல்

டிஎஸ்டிஏ-டூமில் எந்தக் காலத்து நிரலைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்பதை காம்ப்லெவல் என்ற எண் தீர்மானிக்கிறது. டூம் 2க்கு 2, அல்டிமேட் டூமுக்கு 3, ஃபைனல் டூமுக்கு 4, பூம் வகை நிலைகளுக்கு 9, எம்பிஎஃப்21 வகைக்கு 21. கட்டளை வரியில் ஆங்கில எழுத்துகளில், ஒவ்வொரு விருப்பச் சொல்லுக்கும் முன்னால் சிறுகோடு இட்டு, ஐவாட் என்ற சொல்லையும் மூலக் கோப்பின் பெயரையும், ஃபைல் என்ற சொல்லையும் ரசிகர் கோப்பின் பெயரையும், காம்ப்லெவல் என்ற சொல்லையும் எண்ணையும் கொடுங்கள். சைத்துக்கு டூம் 2 ஐவாட்டும் எண் 2ம் போதும்.

பின்சேர்க்கை: டூமை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் ரொமேரோ 2019இல் வெளியிட்ட சிஜிலை ஏற்றியும் பழைய நிலைகளே வருகின்றன என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். சிஜில் முதல் டூமுக்கான ஐந்தாம் பகுதி. அதை டூம் 2 ஐவாட்டோடு ஏற்றினால் பிழைச்செய்தி எதுவும் வராமல் டூம் 2 மட்டுமே ஓடும். அல்டிமேட் டூம் ஐவாட்டோடும் எண் 3உடனும் தொடங்கினால் சரியாகிவிடும்.

படி 5: டெமோவை ஓட்டுதல்

நான் தடுக்கி விழுந்த படி இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டூம் நொடிக்கு 35 டிக்குகளாக, அதாவது 35 சிறு காலத்துணுக்குகளாக, ஓடுகிறது. டெமோ கோப்பில் தொடக்கத்தில் 13 பைட்டுகள் கொண்ட தலைப்பு இருக்கும்: நிரலின் பதிப்பு, கடினநிலை, பகுதி, நிலை போன்றவை. அதன்பின் ஒவ்வொரு டிக்குக்கும் நான்கே பைட்டுகள்: முன்பின் நகர்வு, பக்க நகர்வு, திரும்பல், சுடுதல் முதலிய பொத்தான்கள். கடைசியில் முடிவைக் குறிக்க ஒரு பைட். ஒரு நிமிட ஆட்டம் 8,414 பைட்டுகளில் அடங்கிவிடும். அரக்கர்கள் எங்கே நின்றார்கள், குண்டு யார்மீது பட்டது என்பதெல்லாம் கோப்பில் இல்லை. அவற்றை விளையாட்டு புதிதாகக் கணக்கிடுகிறது. டூமின் தற்செயல் எண்கள் உண்மையில் 256 எண்கள் கொண்ட நிலையான ஓர் அட்டவணையிலிருந்து வரிசையாக எடுக்கப்படுபவை என்பதால், அதே நிலையில் அதே அழுத்தங்களைக் கொடுத்தால் அதே விளைவே வரும். ஓர் அரக்கன் ஓர் எண்ணைக் கூடுதலாக எடுத்துவிட்டால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு முடிவும் மாறிப்போகும்.

நான் ஓட்ட விரும்பியது ப்ளூட்டோனியாவின் ஒரு நிலைக்கான பழைய டெமோ. முதல் முறை கோப்பை நிரலின்மேல் இழுத்துப் போட்டேன். அது கோப்புறையிலிருந்த டூம் 2ஐத் தானாக எடுத்துக்கொண்டது. வீரன் முதல் நொடியிலிருந்தே சுவரைப் பார்த்து ஓடினான். காரணம் உடனே புரிந்தது. ப்ளூட்டோனியா ஐவாட்டைக் குறிப்பிட்டு மறுபடி ஓட்டினேன். இப்போது முதல் அறைகள் எல்லாம் துல்லியமாகச் சென்றன. பிறகு வீரன், கால்வைப்பவரை நொடியில் வேறிடத்துக்கு மாற்றும் ஒரு டெலிபோர்ட்டரில் கால்வைத்தான். மறுபக்கம் தோன்றியதும் ஒரு கணம் தயங்கி, கதவுக்குச் சற்று இடப்பக்கம் தள்ளி நின்று, இல்லாத கதவைத் திறக்க முயன்றான். அதன்பின் எல்லாமே பிசகிவிட்டது.

அந்தக் கணத் தயக்கத்தில்தான் விடை இருந்தது. ஃபைனல் டூமின் முதல் நிரலில் டெலிபோர்ட் ஆனவரைப் புதிய இடத்தின் தரையில் நிறுத்தும் வரி இல்லை. வந்துசேரும் தரை தாழ்வாக இருந்தால் வீரன் அந்தரத்தில் தோன்றி விழுவான். டூமில் அந்தரத்தில் இருக்கும்போது நடக்க முடியாது என்பதால் அந்தச் சில டிக்குகளில் அழுத்திய நகர்வுகள் வீணாகும். பின்னர் வந்த மற்றொரு ஃபைனல் டூம் நிரலில் இது திருத்தப்பட்டது. நான் ஓட்டிய டெமோ திருத்தப்பட்ட நிரலில் பதிவானது. நான் ஓட்டியதோ திருத்தப்படாத நடத்தையில். தலைப்பின் முதல் பைட்டைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். தெரியாது. டூம் 2, அல்டிமேட் டூம், ஃபைனல் டூம் ஆகிய மூன்றின் 1.9 நிரல்களும், ஃபைனல் டூமின் இரு வடிவங்களும், அந்த இடத்தில் 109 என்ற ஒரே எண்ணையே எழுதுகின்றன. அல்டிமேட் டூமில் தரையில் மோதும் லாஸ்ட் சோல் என்ற பறக்கும் அரக்கன் எழும்பும் விதம் திருத்தப்பட்டிருக்கிறது, டூம் 2இல் அது இல்லை. அத்தகைய வேறுபாடு எதையும் டெமோ நமக்குச் சொல்வதில்லை.

தீர்வு இது. சாக்லெட் டூமில் கேம்வெர்ஷன் என்ற விருப்பத்தைக் கொடுத்து, அதற்கு அடுத்து, திருத்தப்பட்ட நிரலைக் குறிக்கும் ஃபைனல்2 என்று குறிப்பிட்டேன். ப்ளேடெமோ என்ற சொல்லோடு கோப்பின் பெயர். வீரன் டெலிபோர்ட்டரிலிருந்து தயங்காமல் வெளியே வந்து, நேராகக் கதவைத் திறந்து, நிலையை முடித்தான். யாரோ ஒருவர் இத்தனை ஆண்டுகளுக்கு முன் முடித்த ஓட்டம், ஓர் அங்குலம் பிசகாமல் என் திரையில் முடிந்ததைப் பார்த்து, அதை இன்னும் இரண்டு முறை ஓட்டினேன்.

உங்கள் டெமோ தடம் புரண்டால் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் ஐவாட், அடுத்து பிவாட் ஏற்றப்பட்டதா, அதன்பின் நிரலின் வடிவம். ஐவாட்டில் ஐயம் இருந்தால், பிவாட் ஏற்றாமல் தொடங்கி, எதையும் அழுத்தாமல் தலைப்புத் திரையிலேயே காத்திருங்கள். ஐடி நிறுவனம் ஐவாட்டுக்குள் வைத்த டெமோக்கள் தாமாக ஓடத் தொடங்கும். அவையே சுவரில் முட்டினால் கோளாறு ஐவாட்டிலோ நிரல் அமைப்பிலோதான் இருக்கிறது, நீங்கள் இறக்கிய டெமோவில் அல்ல.

படி 6: உங்கள் ஓட்டத்தைப் பதிவுசெய்தல்

ப்ளேடெமோவுக்குப் பதிலாக ரெக்கார்ட் என்று கொடுத்தால் உங்கள் ஆட்டம் பதிவாகும். காம்ப்லெவலைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். முடிந்ததும் ஓர் உரைக்கோப்பில் ஐவாட்டின் பெயர், அதன் பைட் அளவு, பிவாட்டின் பெயர், நிரலின் பெயரும் பதிப்பும், காம்ப்லெவல் எண், நிலை, எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவற்றை எழுதி டெமோவுடனேயே வையுங்கள். நான் தேடிய அந்த ப்ளூட்டோனியா டெமோவின் உரைக்கோப்பில் இவற்றுள் ஒன்றுதான் விடுபட்டிருந்தது: எந்த நிரல் என்பது.